வக்கீல் பிரெண்டிஸின் மனைவிக்கு வந்த நோய்

ஜனவரி 4, 1869

தலைநகர் வந்து சேர்ந்தேன். ரயிலடியிலிருந்து சட்டமன்றக் கட்டடம் வரை பலகை போட்டிருக்கிறார்கள். பலகையை விட்டுக் கால் தவறினால் முழங்கால் வரை சேறு. இந்தச் சேற்றை மிதித்துக்கொண்டு வந்துதான் மாநிலத்துக்கு நாங்கள் சட்டம் இயற்ற வேண்டும். உறுப்பினர்களில் சட்டம் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் மாடு வளர்ப்பவர்கள், மரம் அறுப்பவர்கள், ஒரு பல் வைத்தியர். பல் வைத்தியருக்கே பாதிப் பல் இல்லை.

திருமதி டட்டிலின் விடுதியில் சென்ற முறை எனக்குத் தனி அறை. இந்த முறை இடமில்லையாம். ஓபட் கிம்பல் என்ற விவசாயியோடு ஒரே அறையில் போட்டுவிட்டாள். எங்கள் மாவட்டத்துக்கு வடக்கே பக்கத்து மாவட்டத்துக்காரன், முதல் தடவையாகச் சபைக்கு வந்திருக்கிறான். கை கொடுத்தான். அது கையல்ல, மண்வெட்டி.

"நீங்கள்தானே வக்கீல் ஆல்வா பிரெண்டிஸ்? ரயில்வே மசோதாவில் நீங்கள் பேசியதைப் பத்திரிகையில் போட்டிருந்தார்களே, அதை எங்கள் தேவாலயத்தில் உரக்க வாசித்தோம். என் பெண்டாட்டி அழுதுவிட்டாள்."

ரயில்வேயைப் பற்றிக் கேட்டு அழும் மக்களைத்தான் இவன் சபையில் பிரதிநிதித்துவப்படுத்துகிறான்.

"வீட்டம்மா கூட வரவில்லையா?" என்று கேட்டான்.

உடம்பு சரியில்லை என்றேன். அது பொய்யல்ல.

ஜனவரி 6

ஆட்டுக்கறி. நேற்றும் ஆட்டுக்கறி. ஆடு ஒன்றுதான் என்று நினைக்கிறேன், முடிவதாகக் காணோம்.

ஜனவரி 9

கோராவிடமிருந்து கடிதம். பதினாறு வயதுப் பெண்ணின் கடிதத்தில் என்ன இருக்கும்? நாய் சௌக்கியம், சமையல்காரி முறைக்கிறாள், புகைபோக்கி அடைத்துக்கொண்டது, அம்மாவை எப்போது பார்க்க விடுவீர்கள்?

புகைபோக்கிக்கு ஆள் வைத்துச் சுத்தம் செய்யும்படி பதில் எழுதினேன்.

ஜனவரி 14

நீதித்துறைக் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். வேறு யாரைப் போடுவார்கள்? வழக்கம் போல் நன்றி சொல்லிப் பேச வேண்டியிருந்தது. இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டேன். "பிரெண்டிஸ் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை" என்றார் சபாநாயகர். இங்கே மை மட்டம், மேஜை ஆடுகிறது, கிம்பல் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து தோத்திரப் பாட்டை முனகுகிறான். இந்தச் சூழ்நிலையில் யாரால் எழுத முடியும்?

ஜனவரி 20

முனகும் விவசாயி மசோதா கொண்டுவந்துவிட்டான்!

இப்போதுள்ள சட்டப்படி, ஒரு பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கணவன் சொல்லி, ஒரு மருத்துவர் அதை ஆமோதித்தால் போதும். மனநோய் விடுதியில் சேர்த்துவிடலாம். நல்ல, எளிய, குடும்ப கௌரவத்தைத் தெருவில் இழுக்காத சட்டம். கிம்பல் சொல்கிறான், அது போதாதாம். பன்னிரண்டு பேர் அடங்கிய ஜூரி முன்னால் அந்தப் பெண்ணை நிறுத்தி, அவள் சொல்வதையும் கேட்ட பிறகே அனுப்ப வேண்டுமாம். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் இந்த உரிமை உண்டாம்.

"பன்னிரண்டு கொல்லர்களும் பால்காரர்களும் சேர்ந்து மூளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வார்களா?" என்று அறையில் கேட்டேன்.

அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். "என் தங்கையை அப்படித்தான் அனுப்பினார்கள், வக்கீல் ஐயா. அவள் புருஷனுக்கு வேறொருத்தி மேல் கண். தங்கைக்கு ஒன்றுமில்லை. நான் போய்ப் பேசினேன், விடமாட்டேன் என்றுவிட்டார்கள். அங்கேயே இரண்டு குளிர்காலம் இருந்தாள். மூன்றாவது குளிர்காலத்தில் போய்விட்டாள்."

வருத்தமான செய்திதான். ஆனால் ஒரு தங்கையை வைத்துக்கொண்டு சட்டம் இயற்ற முடியாது. அவனிடம் அதைச் சொல்லவும் செய்தேன். தலையாட்டினான். இந்த மனிதர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

ஜனவரி 23

இதை இங்கே எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. சென்ற அக்டோபரிலிருந்து என் மனைவி லுசிண்டா மனநோய் விடுதியில்தான் இருக்கிறாள். இங்கிருந்து வண்டியில் போனால் மூன்று மணி நேரப் பயணம்.

அறிகுறிகள் மெதுவாகத்தான் வந்தன. வெளிப்பட்டது செப்டம்பரில், நீதிபதி ஹாஸ்கல் எங்கள் வீட்டில் விருந்துக்கு வந்த அன்று. அவர் என் ரயில்வே பேச்சைப் புகழ்ந்துகொண்டிருந்தார். லுசிண்டா சூப் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். கோபமே இல்லாமல், வானிலையைச் சொல்வது போலச் சொன்னாள்: "ஆல்வா நன்றாக மனப்பாடம் செய்வார். எழுதியது நான். எல்லாப் பேச்சுகளும் நான் எழுதியவைதான்."

ஹாஸ்கல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

டாக்டர் மெர்வின் தன் சான்றில் அழகாக எழுதியிருக்கிறார்: "கணவரின் எழுத்துகளைத் தானே எழுதியதாக எண்ணும் பிரமை." கணவனுக்காகப் பல வருடம் சுத்தப் பிரதி எடுக்கும் பெண்களுக்கு இது வருவதுண்டாம். அவர் சொன்னாரா, நான் சொல்லி அவர் ஒப்புக்கொண்டாரா என்பது நினைவில்லை. இருவருக்கும் ஒரே கருத்து.

ஜனவரி 30

மசோதாவை ஒட்டிச் சில உறுப்பினர்கள் மனநோய் விடுதியை நேரில் பார்த்துவர வேண்டும் என்று சபை முடிவு செய்தது. எனக்கு ஜலதோஷம். கிம்பலும் இன்னும் நாலு பேரும் போனார்கள்.

மாலையில் திரும்பி வந்தவன் தொப்பியைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

"அங்கே ஒரு அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். மசோதாவைக் கையில் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, நாலாவது பிரிவில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதில் எந்தக் கணவனும் நுழைந்து வெளியேறிவிடுவான் என்றார்கள். எப்படி அடைப்பது என்றும் சொன்னார்கள்." இப்போதுதான் தொப்பியைக் கழற்றினான். "பெயர் பிரெண்டிஸ் என்றார்கள். உங்களுக்குச் சொந்தமா?"

"மனைவி" என்றேன்.

நியாயமாக அவன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். விளக்கைத் தூண்டிவிட்டுப் பைபிளை எடுத்துக்கொண்டான். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "கோராவுக்கு இருமல் விட்டுவிட்டதா என்று கேட்டார்கள்" என்றான்.

கோராவுக்கு இருமல் இருந்தது எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 5

மசோதாவை என் குழுவிலேயே புதைத்துவிட நினைத்தேன். பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். குழுவில் இருக்கும் கோழைகள் பத்திரிகையைப் பார்த்ததும் கை தூக்கிவிட்டார்கள். சபைக்கு வருகிறது. எதிர்த்துப் பேசப்போவது நான். "உங்கள் பேச்சு ஒன்று போதும்" என்று எங்கள் கட்சிக்காரர்கள் முதுகில் தட்டுகிறார்கள். தட்டிய கை எல்லாம் புகையிலை நாற்றம்.

"மாண்புமிகு உறுப்பினர்களே, குடும்பம் என்பது" என்று ஆரம்பித்திருக்கிறேன்.

பிப்ரவரி 7

குடும்பம் என்பது.

பிப்ரவரி 10

மனநோய் விடுதிக்குப் போய்வந்தேன்.

பழகிய வேலை நோயாளியின் மனதை அமைதிப்படுத்தும் என்று டாக்டர் மெர்வினே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்த நோக்கத்தோடுதான் காகிதமும் பேனாவும் எடுத்துப் போனேன்.

லுசிண்டாவைப் பார்வையாளர் அறைக்கு அழைத்து வந்தார்கள். சாம்பல் நிற கவுன், எல்லாருக்கும் ஒரே துணியில் தைப்பார்கள் போலும். இளைத்திருந்தாள். கை வெந்நீரில் ஊறி வெளுத்திருந்தது. நான் எழுந்து நிற்பதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"கோரா எப்படி இருக்கிறாள்?"

"இருமல் விட்டுவிட்டது" என்றேன். விட்டிருக்க வேண்டும்.

"நல்லது."

"உனக்கு ஒரு பொழுதுபோக்கு கொண்டுவந்திருக்கிறேன், லுசிண்டா. சபையில் ஒரு பேச்சு. முன்பு உதவி செய்வாயே, அது போல."

"கிம்பல் மசோதாவா?"

"ஆமாம்."

"எதிர்த்தா?"

"எதிர்த்துத்தான்."

அவள் சிரித்தாள். நோய் முற்றிய சிரிப்பாக எனக்குத் தெரியவில்லை. அது நான் அறிந்த சிரிப்புதான், என்னோடு எதிர்வாதம் செய்யும் வக்கீலின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடித்ததும் அப்படித்தான் சிரிப்பாள். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேனாவை மையில் தோய்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள்: "ராஜாவின் படை எந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் நின்றதோ, அந்த வாசலில் சட்டமும் கொஞ்சம் தொப்பியைக் கழற்றட்டும்."

நான் மூச்சு விட்டேன். பல வாரத்துக்குப் பிறகு விட்ட மூச்சு.

"எழுது" என்றேன்.

பேனாவைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டாள். "மாட்டேன், ஆல்வா."

"ஏன்?"

"நான் ஒரு வரி எழுதினாலும் டாக்டர் மெர்வினின் சான்று பொய்யாகிவிடும். நீங்கள் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலமும் பொய்யாகிவிடும். என் பிரமைதான் உங்களுக்கு ஆதாரம். அதை நானே கெடுக்கலாமா?"

"வீட்டுக்கு வருவதைப் பற்றி யோசிக்கலாம்" என்றேன். "நீ ஒத்துழைத்தால்."

"எதை ஒப்புக்கொண்டு வரவேண்டும்? நான் எழுதவில்லை என்றா? அதையும் நான்தான் எழுதித் தர வேண்டுமா?"

எழுந்து போய்விட்டாள். போகும் வழியில் நின்று, காவலுக்கு நின்ற பெண்ணிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

நோயில் திமிரும் ஒரு அறிகுறி. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அந்த முதல் வாக்கியத்தை வண்டியில் உட்கார்ந்ததும் குறித்துக்கொண்டேன். சும்மா வீணாகப் போவானேன்?

பிப்ரவரி 16

முதல் வாக்கியத்துக்குச் சபை அதிர்ந்தது. மாடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் கூடக் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தது. எல்லாரும் இரண்டாவது வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்கள்.

தண்ணீர் குடித்தேன். குடும்பத்தின் புனிதம் பற்றிச் சொன்னேன். ரோமாபுரியைப் பற்றிச் சொன்னேன். ரோமாபுரியிலிருந்து எப்படித் திரும்பி வருவது என்று தெரியவில்லை. பல் வைத்தியர் தூங்கிவிட்டார்.

கிம்பல் எழுந்தான். அவனுக்குப் பேசத் தெரியாது. தங்கை பெயரைச் சொன்னான். அவள் நன்றாகப் பாடுவாள் என்றான். சவப்பெட்டியைக் கொண்டுவரப் பனியில் சறுக்கு வண்டியில் போனதைச் சொன்னான். அதற்கு மேல் வரவில்லை, உட்கார்ந்துவிட்டான். இதைப் போய்ப் பேச்சு என்பார்களா? வாதம் இல்லை, மேற்கோள் இல்லை, முடிவுரை இல்லை.

மசோதா நிறைவேறியது. நாலாவது பிரிவில் ஓட்டை இல்லை.

பிப்ரவரி 24

ஆளுநர் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பது நல்ல செய்தி.

கிம்பல் நான் இருக்கும் அறையை விட்டுப் பல் வைத்தியரின் அறைக்கு மாறிவிட்டான். இடம் தாராளமாக இருக்கிறது. மேஜை இப்போதும் ஆடுகிறது.

மார்ச் 19

கூட்டத்தொடர் முடிந்து ஊர் வந்தேன். கோரா வாசலுக்கு வந்து தொப்பியை வாங்கிக்கொண்டாள். முத்தம் கொடுக்கவில்லை. "அம்மாவுக்காகக் கிம்பல் ஐயா மனுப் போட்டிருக்கிறார், ஏப்ரலில் விசாரணை" என்றாள். என் வீட்டுச் செய்தியை எனக்கு முன்னால் என் மகள் அறிந்திருக்கிறாள், அதுவும் ஒரு விவசாயி வழியாக.

நீ அந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 8

மாவட்ட நீதிமன்றத்தில் இன்று லுசிண்டாவின் விசாரணை. வெளியூர் நீதிபதி. வேறு வக்கீல் எதற்கு? என் வழக்கை நானே நடத்தினேன்.

ஜூரியை எங்கிருந்து பிடித்தார்களோ! பன்னிரண்டு பேரும் பட்டறையிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் நேராக வந்திருந்தார்கள். ஒருவன் கழுத்தில் வைக்கோல். இவர்களிடம் பிரமை என்பதற்கும் பொய் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவதற்கே மதியம் முழுவதும் போயிற்று. சுவரிடம் பேசினால் எதிரொலியாவது வரும்.

டாக்டர் மெர்வின் சாட்சி சொன்னார். லுசிண்டா சாட்சி சொன்னாள், கேட்டதற்கு மட்டும் பதில். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கிம்பல் வைத்திருந்த வக்கீல், சின்னப் பையன், நேற்று முளைத்தவன், "கோரா பிரெண்டிஸ்" என்று கூப்பிட்டான்.

பின் வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். தாயின் பழைய நீலச் சால்வையைப் போர்த்தியிருந்தாள்.

"வீட்டில் பேச்சு எழுதும் நாட்களில் என்ன நடக்கும்?" என்று அவன் கேட்டான்.

"அப்பா அறைக்குள் நடந்துகொண்டிருப்பார். அம்மா மேஜையில் எழுதுவார்."

குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். என் சொந்த மகள். மென்மையாகத்தான் கேட்டேன். "நான் நடந்துகொண்டே சொல்வேன். நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுவாள். அப்படித்தானே, கோரா?"

அவள் என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இல்லை, அப்பா. நீங்கள் 'அப்புறம்?' என்று மட்டும்தான் கேட்பீர்கள்."

நீதிமன்றத்தில் யாரோ சிரித்தார்கள். மேலே கேட்கக் கேள்வி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஜூரி எழுந்து தனி அறைக்குக் கூடப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தலையைச் சேர்த்துக் குசுகுசுத்துவிட்டு, புத்தி தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மாட்டுச் சந்தையில் பசுவைப் பார்க்கக்கூட இதைவிட நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

வாசலில் லுசிண்டாவிடம் போனேன். "வண்டி நிற்கிறது" என்றேன். எவ்வளவு பெரிய மனதோடு சொன்னேன் என்பதை அங்கிருந்தவர்கள் கவனித்திருக்க வேண்டும்.

"பார்த்தேன்" என்றாள். "கோராவின் பெட்டியை மட்டும் அதில் அனுப்பிவிடுங்கள். சேணக் கடை மாடியில் அறை எடுத்திருக்கிறோம்."

"என்ன செய்து பிழைப்பாய்?"

"உங்களுக்காகச் செய்ததைத்தான்."

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். கோரா அவள் கையைப் பிடித்திருந்தாள். மழை பெய்திருந்ததால் வழியெல்லாம் சகதி, இரண்டு பேருமே பாவாடையைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 9

பெட்டியை அனுப்பினேன். நாயும் பின்னாலேயே போய்விட்டது.

மே 22

சேணக் கடை மாடிப்படி என் அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பல்ல. இன்று இரண்டு வக்கீல்கள் அதில் ஏறினார்கள். இருவரும் நீதிமன்றத்தில் என்னிடம் பலமுறை தோற்றவர்கள். பாதிரியாரும் ஏறினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பிரசங்கம் ஏன் திடீரென்று கேட்கும்படியாகிவிட்டது என்பது புரிந்தது.

ஜூன் 30

சென்ற வருடம் என் வாதத்தைக் கேட்டு எழுந்து நின்ற அதே நீதிபதி, இன்று நான் பேசும்போது கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

ஆகஸ்ட் 11

கட்சி என்னை மறுபடி நிறுத்தவில்லை. ஓய்வு தேவைப்படுகிறதாம் எனக்கு. இந்தக் கும்பலின் ஆதரவு இருந்தால்தான் அவமானம்.

ஓபட் கிம்பல் மாநில செனட்டுக்கு நிற்கிறான். அவன் மாவட்டமும் எங்கள் மாவட்டமும் சேர்ந்த தொகுதி. செனட்! சாணம் மிதித்த பூட்ஸோடு!

செப்டம்பர் 18

தோப்பில் கிம்பலின் தேர்தல் கூட்டம். போக நினைக்கவில்லை. அந்த வழியாக ஒரு வேலை இருந்தது. போய்ச் சேரும்போது பேச்சு பாதியில் இருந்தது, கூட்டத்தின் ஓரத்தில் ஓக் மரத்தடியில் நின்றுகொண்டேன்.

கிம்பல் காகிதத்தைப் பார்த்துத்தான் படித்தான். சொற்களை மூட்டை இறக்குவது போல இறக்கினான். ஆனாலும் யாரும் அசையவில்லை. குழந்தைகள் கூட. பள்ளிக்கூட வரியைப் பற்றிய பேச்சு, கண்ணீர் வரவழைக்கும் விஷயமே அல்ல. எனக்கு முன்னால் ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொலைவில், எலுமிச்சைச் சாறு விற்கும் மேஜைக்குப் பக்கத்தில் லுசிண்டாவும் கோராவும் நின்றிருந்தார்கள். லுசிண்டாவின் உதடுகள் லேசாக அசைந்தன. அவன் எங்கே மூச்சு விட வேண்டுமோ, அங்கே அவள் மூச்சு விட்டாள்.

"எப்படிப் பேசுகிறார் பாருங்கள்!" என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன். அகன்ற தோள், வாயில் புகையிலை புகையும் சுங்கான்.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவனா?" என்றேன். "அவனுக்கு ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாது. கேட்டீரா, அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டுவிட்டுச் சட்டென்று ஒரு சின்ன வாக்கியத்தில் கதவைச் சாத்துவது? இந்த மாநிலத்தில் அப்படி எழுதத் தெரிந்தவர் ஒரே ஆள்தான். அது என் மனைவி எழுதியது. அந்த மாட்டுக்காரனுக்கு வாயை அசைப்பது மட்டும்தான் வேலை."

சுங்கானை வாயிலிருந்து எடுத்தான். "தெரியும். யார் எழுதிக் கொடுத்தது என்று கிம்பல் ஆரம்பத்திலேயே மேடையில் சொல்லிவிட்டார். நீங்கள் பிந்தி வந்தீர்கள்."

கிளம்புவதற்காகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"இதையே ஏப்ரலில் எங்களிடம் சொல்லியிருக்கலாம், ஐயா" என்றான். "எல்லாருக்கும் ஒரு நாள் வேலை மிச்சமாகியிருக்கும். அந்த அம்மாளுக்கும்."

"உங்களிடமா? நாம் எங்கே சந்தித்தோம்?"

"ஜூரியில் முன் வரிசை, ஓரத்து ஆசனம். அன்று மதியம் முழுக்க நீங்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினீர்கள்."

பார்த்தேன். சாம்பல் நிறக் கண்கள். உலைக்களத்தில் நிற்பவர்களுக்கு இருப்பது போல இமையோரம் கருகியிருந்தது. நெற்றியில் பழைய தீத்தழும்பு, ஒரு முறை பார்த்தால் யாரும் மறக்க முடியாதது. என் வயதுதான் இருக்கும்.

பெயர் கேட்டேன். ஜேபெஸ் ரட்ஜ் என்றார்.